அரைப்பேர் போட்ட படிப்பு

எனக்கு இரண்டு வருடம் பாக்கி வரவேண்டியிருக்கிறது. பதினேழு, பதினெட்டு வயதில் நான் படித்த இரண்டு வருடம். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து விடியற்காலை இருட்டில் பஸ் ஏறிப் போய், பின்னேரம் மழையில் நனைந்து திரும்பி, மட்டம் போடாமல் படித்த இரண்டு வருடம். அது எந்தப் புத்தகத்திலும் பதியப்படவில்லை. கேட்டுப் போனால் பாடசாலை பயிற்சி நிலையத்தைக் கை காட்டும். பயிற்சி நிலையம் வலயக் கல்விப் பணிமனையைக் கை காட்டும். பணிமனையில் இருக்கிறவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கொழும்பைக் காட்டுவார். கொழும்புக்குப் போய்வரும் காசுக்கு எங்கள் வீட்டில் ஒரு கிழமைக்கு அரிசி வாங்கலாம்.

இந்த நாட்டில் 2017ஆம் ஆண்டு ஒரு திட்டம் தொடங்கினார்கள். பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வி என்று பெயர். ஓ.எல். பரீட்சையில் தவறினாலும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாமல் பன்னிரண்டாம் தரத்தில் சேர்த்துக்கொள்வார்கள். முதலில் மொழி, குடியியல், கணினி, சொந்தத் தொழில் நடத்துவது என்று பாடசாலையிலேயே பொதுப்பாடங்கள். அடுத்த வருடம் நாமே தெரிந்தெடுத்த தொழிலைப் பயிற்சி நிலையத்தில் போய்ப் படிக்க வேண்டும். முடிவில், பாடசாலைப் பிள்ளையாக இருக்கும்போதே கையில் தேசிய தொழில் தகைமையின் நான்காம் மட்டச் சான்றிதழ். என்.வி.கியூ. 4 என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அதற்கு மேலே ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு என்றால் பட்டம். அந்தப் பட்டத்துக்கென்றே 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவாக்கிய பல்கலைக்கழகம் இரத்மலானையில் இருக்கிறது.

நல்ல திட்டம். குத்தலுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே நல்ல திட்டம். அதனால்தான் வயிறு எரிகிறது. கெட்ட திட்டமென்றால் இன்னொரு ஏமாற்று என்று விட்டிருப்பேன். எங்களுக்கென்ன, பழகாததா.

இதைப் பெற்றோருக்கு விளங்கப்படுத்த ஒரு கூட்டம் வைத்தார்கள். வந்திருந்த அதிகாரி கரும்பலகையில் படிக்கட்டு வரைந்து ஒவ்வொரு படியிலும் இலக்கம் போட்டுக் காட்டினார். அம்மா அந்தக் கூட்டத்துக்கு மலையிலிருந்து பாதி வேலையில் இறங்கி வந்திருந்தார். எங்கள் தோட்டங்களில் சொன்ன கிலோவுக்குக் கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர். குறைந்தால் செக்றோலில் அரைப்பேர்தான் விழும். மழை பெய்ததா, அட்டை கடித்ததா, மலை செங்குத்தா என்றெல்லாம் கணக்கப்பிள்ளை கேட்க மாட்டார். அன்றைக்கு அம்மாவுக்கு அரைப்பேர். "போனாப் போகுது ஒரு அரைப்பேரு. நீ கூடையத் தூக்காம இருந்தாச் சரி" என்றார். அந்த மனுசி அதிகாரியின் படிக்கட்டை அப்படியே நம்பினார்.

நான் ஓ.எல். கணக்கில் தவறியவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எங்கள் தோட்டப் பாடசாலை 'வகை 2', பதினோராம் தரத்தோடு முடிந்துவிடும். அங்கே நான் எட்டிலிருந்து பத்துவரை படித்த காலத்தில் கணக்குக்கென்று ஓர் ஆசிரியர் நிலையாக இருந்ததே இல்லை. தமிழ் படிப்பிக்க வந்த டீச்சர் கணக்கையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். 2015 வாக்கில் மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்கள் என்று இளம் பிள்ளைகளை எடுத்தார்களே, மாதம் 6000 ரூபா கொடுத்து, அப்படி வந்தவர் அவர். பஸ் காசுக்கே பாதி போய்விடும். அவர் மேல் எனக்கு ஒரு சொட்டுக் கோபமும் கிடையாது. தான் படிக்காத பாடத்தை இரவில் படித்து எங்களுக்குக் காலையில் சொல்லிக் கொடுத்த அக்கா அவர். கோபமெல்லாம், அந்த 6000 ரூபாவை ஒரு கல்விக் கொள்கை என்று நினைத்தவர்கள் மேல்.

பன்னிரண்டாம் தரம் வேறொரு பாடசாலையில். அந்த வருடம் நன்றாகப் போயிற்று, மறைக்க மாட்டேன். முதன்முறையாகக் கணினியைத் தொட்டேன். கூட்டத்தில் எழுந்து நின்று பேசப் பழகினேன். தொழில் தெரிந்தெடுக்கச் சொன்னபோது சுற்றுலாவும் விருந்தோம்பலும் என்று எழுதிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்ட சாரிடம், "எல்ல பக்கத்துலதானே இருக்கு சார்" என்றேன். ஒன்பது வளைவுப் பாலத்தைப் படமெடுக்க உலகமே வருகிறது. தம்பேதன்னைக்கு மேலே லிப்டன் உட்கார்ந்து பார்த்த இடத்தைப் பார்க்க வருகிறார்கள். வருகிற வழியில் காரை நிறுத்தி எங்கள் அம்மாமாரையும் கூடையோடு படமெடுக்கிறார்கள். படத்தில் நிற்கிறவளின் மகள் அந்த ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நிற்கட்டுமே என்றுதான் ஆசைப்பட்டேன். பேராசையா இது?

பயிற்சி நிலையத்துக்குப் போன முதல் நாளே தெரிந்துவிட்டது. பாடம் முழுக்கச் சிங்களத்தில். "தமிழில் வகுப்பு எப்போது தொடங்கும்?" என்று தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். அங்கிருந்த மிஸ் நல்லவர்தான், சிரித்துக்கொண்டே சொன்னார்: "தெமளென் நே, நங்கி." தமிழில் இல்லை, தங்கச்சி. அவ்வளவுதான். அந்த மூன்று சொல்லில் என் இரண்டாம் வருடம் முடிந்தது.

ஆனாலும் நான் நிற்கவில்லை. என்னோடு வந்தவர்களில் ஒருத்தி கட்டுநாயக்கா கார்மெண்டுக்குப் போய்விட்டாள். ஒருவன் கொழும்பில் சாப்பாட்டுக் கடைக்குப் போனான். நான் போனேன், இருந்தேன், சிங்களத்தில் சொன்னதைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து, இரவில் பக்கத்து லயத்து அண்ணனிடம் அர்த்தம் கேட்டேன். அவர் பதுளை டவுனில் கடையில் நின்றவர், சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். கட்டில் விரிப்பை மூலை மடித்துப் போடுவது, மேசை அடுக்குவது, விருந்தாளியை வரவேற்பது, சமையலறைச் சுத்தம் எல்லாம் கையில் வந்தது. கைக்கு மொழி வேண்டியதில்லை.

மதிப்பீட்டுக்கு வந்தவர் செய்து காட்டச் சொன்னதை எல்லாம் செய்தேன். பிறகு கேள்வி கேட்டார், சிங்களத்தில். தீப்பிடித்தால் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார், வெளியில் வந்த பிறகுதான் விளங்கியது. எனக்குத் தெரிந்த விடை. நான் வேறு எதற்கோ பதில் சொல்லியிருக்கிறேன். என்.வி.கியூ. மதிப்பீட்டில் புள்ளி இல்லை. தேர்ச்சி உண்டு, அல்லது இன்னும் தேர்ச்சி இல்லை, இரண்டில் ஒன்று. எனக்கு இரண்டாவது விழுந்தது. மறுபடி மதிப்பீடு செய்வோம், அழைப்போம் என்றார்கள். அழைக்கவில்லை. கேட்டுப் போன எனக்கு ஒருவர் சொன்ன யோசனை: "முதல்ல இருந்து பதிஞ்சு, திரும்பப் படிங்க."

செக்றோலில் அரைப்பேர் போடுகிறவனாவது பாதிச் சம்பளத்தைத் தருவான். எனக்குப் பாதியும் இல்லை.

இதைச் சொன்னால் சிலர் சட்டம் தெரியாதவள் என்று நினைப்பார்கள். தெரியும். அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை, ஒருவர் தேசிய மொழிகளில் எதிலும் கல்வி கற்க உரித்துடையவர் என்கிறது. தேசிய மொழிகள் இரண்டு. சிங்களம் ஒன்று, நான் இப்போது எழுதிக்கொண்டிருப்பது மற்றது. பசறை உட்பட பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகள் என்று வர்த்தமானியில் போட்டிருக்கிறார்கள். பெயர்ப்பலகை மூன்று மொழியில் பளபளப்பாக இருக்கிறது. பலகையைத் தாண்டி உள்ளே போனால் ஒரு மொழிதான். குடியியல் பாடத்தில் இந்த 21ஆம் உறுப்புரையை எனக்குப் படிப்பித்ததே இந்தத் திட்டத்தின் முதல் வருடத்தில்தான். என்ன சொல்ல!

இப்போது எல்லயில் ஒரு விடுதியில் வேலை செய்கிறேன். வரவேற்பு மேசையில் இல்லை. அறை கூட்டுகிறேன், விரிப்பு மாற்றுகிறேன். அங்கே மூலை மடித்துப் போடுகிறவள் நான் ஒருத்திதான். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான்தான் காட்டிக் கொடுக்கிறேன். சான்றிதழோடு வந்தவளுக்கு என்னைவிடச் சம்பளம் கூட. அவளுக்கு விரிப்புப் போடச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

போன சீசனில் அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் வந்து தங்கினாள். என் வயதுதான். நாலு வருடப் பட்டத்தை மூன்று வருடத்தில் முடித்துவிட்டு ஊர் சுற்ற வந்திருந்தாள். எப்படி என்றேன். ஹைஸ்கூலில் படிக்கும்போதே கல்லூரிப் பாடங்களுக்குப் பரீட்சை எழுதிவிட்டாளாம். 1955 முதல் அங்கே கல்லூரி வாரியம் என்று ஓர் அமைப்பு அதை நடத்துகிறது. ஐந்துக்கு மூன்றோ நாலோ எடுத்தால் பல பல்கலைக்கழகங்கள் அந்தப் பாடத்தை முடித்ததாகவே சேர்த்துக்கொள்ளும், திரும்பப் படிக்கச் சொல்லாது. "நீ என்ன படித்தாய்?" என்று அவள் கேட்டாள். நான் துவாய் மாற்ற வந்தவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். படித்தேன் என்று சொன்னால் பொய், படிக்கவில்லை என்றாலும் பொய்.

சரி, அது அமெரிக்கா, பணக்கார நாடு. சேரம்பாடியைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் கூடலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1948இல் இங்கே எங்கள் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் எங்களைக் கூட்டிக் கழித்துப் பங்கு போட்டார்கள். அந்தக் கணக்கில் தாத்தாவின் தம்பி குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பல் ஏறினார். போனவர்களுக்கு அங்கே டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் அதே கொழுந்து, அதே லயம், சிலோன்காரன் என்ற பட்டப்பெயர் கூடுதலாக. சுகப்பட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அவருடைய பேரன், முறைக்கு எனக்குத் தம்பி, வாட்ஸ்அப்பில் பேசினான். "அக்கா, ஐஐடி மெட்ராஸ்ல சீட் கெடைச்சிருச்சு" என்றான். இன்னும் பன்னிரண்டாம் வகுப்பே முடிக்கவில்லை. 2020இல் அந்த நிறுவனம் இணையவழியில் தரவு அறிவியல் பட்டம் ஒன்று தொடங்கியிருக்கிறது. பதினோராம் வகுப்புத் தேர்வு எழுதிய பிள்ளையே தகுதிச் சுற்றில் சேரலாம். நாலு வாரம் பாடம், பிறகு பரீட்சை. வென்றால் இடம் உறுதி, பள்ளி முடிந்ததும் தொடங்கிவிடலாம். கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணத்திலும் சலுகை உண்டு.

அவன் சந்தோசத்தில் எனக்கும் சந்தோசம்தான். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. இரண்டு அண்ணன் தம்பி. ஒருவர் கப்பல் ஏறினார், ஒருவர் நமுனுகுலை மலையை விட்டு வரமாட்டேன் என்று இருந்துவிட்டார். எங்கள் தாத்தா இந்த மண்ணை நம்பி இருந்தார். அந்த நம்பிக்கைக்கு அவர் பேத்திக்குக் கிடைத்த பதில், "முதல்ல இருந்து பதிஞ்சு படிங்க."

பதுளையில் பல்கலைக்கழகம் இல்லையா என்று யாராவது கேட்பீர்கள். இருக்கிறது. பசறை ரோட்டிலேயே இருக்கிறது, ஊவா வெல்லஸ்ஸ. 2005இல் வந்தது. எங்கள் பஸ் அதன் வாசலைத் தாண்டித்தான் டவுனுக்குப் போகும். தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் என்றே அங்கே ஒரு பட்டம் வைத்தார்கள். அதைக் கேள்விப்பட்ட நாளில் அம்மா, "தேத்தூளுக்கு டிகிரியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குள் போக ஏ.எல். விஞ்ஞானப் பிரிவு வேண்டும். விஞ்ஞானம் படிக்க '1ஏபி' பாடசாலை வேண்டும். எங்கள் தோட்டங்களைச் சுற்றிப் பெரும்பாலும் இருப்பது வகை 3, வகை 2. தப்பித்தவறி உயர்தரம் இருந்தால் கலைப்பிரிவு. தமிழில் பௌதீகம், இரசாயனம் வேண்டுமென்றால் பசறை டவுனுக்கோ பதுளைக்கோ பண்டாரவளைக்கோ வர வேண்டும், மடுல்சீமை, லுணுகலை மேல் டிவிசனிலிருந்து வருகிற பிள்ளை அறை எடுத்துத் தங்க வேண்டும், டியூசனுக்குக் கட்ட வேண்டும். 2024இல் தோட்டத்து அடிப்படை நாள் சம்பளத்தை 1350 ரூபா ஆக்கியதற்கே எத்தனை வருடம் இழுத்தார்கள்! அதுவும் கிலோ கொடுத்தால்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, இதைத்தான் யாரும் வெளியில் பேசுவதில்லை. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. பதுளையும் மொனராகலையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. பதுளை ஏன் பின்தங்கியது? எங்கள் லயத்தையும், கூரைத் தகரத்தையும், மூடிக்கிடக்கும் விஞ்ஞான ஆய்வுகூடத்தையும் சேர்த்து எண்ணினால் பின்தங்காமல் என்ன செய்யும்! மாவட்டம் பின்தங்கியது என்று காட்ட நாங்கள் வேண்டும். இடத்தைப் பங்கிடும்போது டவுன் பாடசாலையும் தோட்டப் பாடசாலையும் ஒரே மாவட்டம், ஒரே வரிசை. எங்கள் பிள்ளைகள் அதிகம் எடுக்கிற கலைப்பிரிவுக்கோ மாவட்டப் பங்கே கிடையாது, நாடு முழுவதற்கும் ஒரே திறமை வரிசை. எங்கள் வறுமையைக் காட்டி வாங்கிய சலுகை எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைக்கு ஆறு வயது முதல் பத்து வயது வரை படிப்பு போதும் என்றது. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945இல் நாட்டுக்கு வந்தது, எங்கள் தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் கையேற்க எழுபதுகளின் பிற்பாதி வரை ஆயிற்று. முப்பது வருடத் தாமதம். அந்தத் தாமதத்துக்கும் யாரும் வட்டி கட்டவில்லை.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த என்.வி.கியூ. விதிகளிலேயே முன்கற்றலை அங்கீகரித்தல் என்று ஒரு வழி உண்டு. பாடசாலைப் பக்கமே போகாத மேசனும் மெக்கானிக்கும் தன் கைவேலையைச் செய்து காட்டிச் சான்றிதழ் வாங்கலாம். அனுபவமே படிப்பு என்று அரசாங்கம் எழுத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறது. என் அம்மா இளவயதிலிருந்து கொழுந்து எடுக்கிறார். எந்த மலையில் எத்தனை நாளில் கொழுந்து திரும்ப வரும், கவ்வாத்து வெட்டிய செடிக்கு எப்போது கை வைக்கலாம், எந்த இலை முற்றினது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஊவாத் தேயிலையின் வாசம் ஜூலையில் தொடங்கி செப்டெம்பர் வரை அடிக்கிற வறண்ட காற்றில் வருகிறது என்று புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் காற்றில் உதடு வெடித்து நிற்கிறவர் அவர். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று எங்கள் தோட்டத்தில் ஒருவரும் வந்து சொன்னதில்லை. தேர்தலுக்கு ஒலிபெருக்கி கட்டி வருகிறவர்களும் சொன்னதில்லை, சம்பளத்தில் மாதாமாதம் சந்தா பிடிக்கிற சங்கத்துத் தலைவர்மாரும் சொன்னதில்லை. ஓய்வுபெறும் நாளில் அம்மா பயிற்சியற்ற தொழிலாளியாகத்தான் போவார்.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது என் தங்கச்சி ஏ.எல். எழுதிக்கொண்டிருந்தாள். பரீட்சை பாதியில் நின்றது. மலை சரிந்து பாதை போனது. மீரியபெத்தையை 2014இல் மண் மூடிய பிறகு, மழை பெய்தாலே எங்கள் ஆட்கள் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள், இந்தத் தடவையும் அப்படித்தான். புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றித் தலைமாட்டில் வைத்திருந்தாள். எப்படியோ மிச்சத்தையும் எழுதினாள். அவள் கேட்டது ஒரு கேள்வி: "அக்கா, இதயாச்சும் சேத்துக்குவாங்களா?" நான் அதட்டிப் படுக்கச் சொன்னேன்.

இப்போது புதிய கல்விச் சீர்திருத்தம் என்கிறார்கள். பாடத்தை அலகு அலகாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் புள்ளித் திரட்டு என்கிறார்கள். நல்லதுதான். தமிழில் படிப்பிக்க ஆளும், தமிழில் மதிப்பிட ஆளும் இல்லாமல் எத்தனை அலகு போட்டாலும் எங்களுக்குச் சைபர் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பிறகு, நீங்கள் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்கக் கூடாது.

நான் கேட்பது அதிகமில்லை. தமிழ் தெரிந்த மதிப்பீட்டாளர் ஒருவரைப் பதுளைக்கு அனுப்புங்கள். நாளைக்கே வரச்சொன்னாலும் வருவேன். விடுதியில் லீவு தரமாட்டார்கள், சம்பளத்தை வெட்டுவார்கள், வெட்டட்டும். கட்டில் விரித்துக் காட்டுகிறேன், மேசை அடுக்கிக் காட்டுகிறேன், தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். என்னோடு படித்துக் கார்மெண்டுக்குப் போனவளையும் கூப்பிடுங்கள், சாப்பாட்டுக் கடைக்குப் போனவனையும் கூப்பிடுங்கள். எங்கள் அம்மாமாரையும் கூட்டிக்கொண்டு வருகிறோம், அவர்கள் கைக்கும் ஒரு தாள் எழுதுங்கள். முதலிலிருந்து தொடங்கு என்று மட்டும் இன்னொரு தரம் யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம்.